நாற்றோடு வரும் அழுகல்

ஸ்ட்ராபெரிச் செடிக்குத் தண்டே இல்லாததுபோல் தோன்றும். இலைகளும் பூங்கொத்துகளும் தரையிலிருந்து நேராகக் கிளம்புவதாகவே கண்ணுக்குப் படும். இலைக்காம்புகளை ஒவ்வொன்றாக அடிவரை உரித்தெடுத்தால், உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கட்டைத் தண்டு தெரியும். கணுக்களுக்கு இடையில் நீளாமல், கணுமேல் கணுவாக நெருங்கி வளர்ந்த தண்டு அது. நாற்று விற்பவர்கள் அதைக் கிரவுன் என்பார்கள். இங்கே அதைக் குறுந்தண்டு என்போம். இலை, பூங்கொத்து, ஓடுதண்டு எல்லாம் அதன் மேற்பகுதியிலிருந்தும், வேர்கள் அதன் கீழ்ப்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. வேர் உறிஞ்சும் நீர் முழுவதும் இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் மேலே போகிறது. இலையில் புள்ளி விழுந்தால் செடி வேறு இலை விடும். சில வேர்கள் செத்தால் புது வேர்கள் இறங்கும். குறுந்தண்டு அழுகிவிட்டால் செடிக்கு வேறு வழி கிடையாது. ஸ்ட்ராபெரிக்கு வரும் நோய்களில் குறுந்தண்டு அழுகல் அஞ்சத்தக்கதாக இருப்பதற்கு இந்த உடலமைப்பே முதற்காரணம்.

இந்த அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பல. அவற்றுள் குளிர்ந்த, மிதமான தட்பவெப்பம் உள்ள பகுதிகளில் முன்னிற்பது ஃபைட்டோஃப்தோரா கேக்டோரம். கள்ளிச் செடியின் அழுகலிலிருந்து 1870இல் விவரிக்கப்பட்டதால் கள்ளியின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அது தாக்கும் தாவரங்கள் இருநூறுக்கும் மேல். ஆப்பிள் மரத்தின் அடிப்பட்டை அழுகலுக்கும் அதுவே காரணம். ஸ்ட்ராபெரியின் குறுந்தண்டை அது அழிப்பது 1952இல் ஜெர்மனியில் முதலில் கண்டறியப்பட்டது. பிறகு ஐரோப்பா முழுவதும், வட அமெரிக்காவிலும், ஸ்ட்ராபெரி நாற்று பயணம் செய்த மற்ற நாடுகளிலும் அது தென்பட்டது. நோயின் பரவலும் நாற்றின் பயணமும் ஒரே தடத்தில் செல்வதைப் பின்னால் பார்க்கலாம்.

ஃபைட்டோஃப்தோராவைப் பூஞ்சை என்று அழைப்பது பழக்கமாகிவிட்டது. உண்மையில் அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும்தான் அதன் உறவினர். உண்மையான பூஞ்சைகளின் செல் சுவரில் கைட்டின் இருக்கும். இதன் செல் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸாலும் அதைப் போன்ற குளுக்கான்களாலும் ஆனது. பூஞ்சைகளின் செல் சவ்வுக்கு அவசியமான எர்கோஸ்டிராலை இது தானே தயாரிப்பதில்லை. வகைப்பாட்டியல் நுணுக்கமாகத் தோன்றும் இந்த வேறுபாடு தோட்டத்தில் பணச் செலவாக மாறுகிறது. எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுத்து வேலை செய்யும் டிரையசோல் வகை மருந்துகளும், பூஞ்சை நோய்க்கெல்லாம் பொதுவாக ஊற்றப்படும் கார்பென்டசிமும் ஃபைட்டோஃப்தோராவை ஒன்றும் செய்வதில்லை. எந்த உயிரி என்று தெரியாமல் மருந்து வாங்குவது வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தமிழ் விவசாயிகளுக்கு இந்தப் பேரினம் புதிதல்ல. தென்னையின் குருத்தழுகல், மிளகுக் கொடியின் விரைவு வாடல், நீலகிரி உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் மூன்றும் ஃபைட்டோஃப்தோராவின் வெவ்வேறு சிற்றினங்களால் வருபவை. மழைக்காலத்தில் மூள்வது, தேங்கும் நீரில் பெருகுவது, வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருப்பது ஆகிய பொதுக் குணங்கள் இவற்றில் உண்டு. ஸ்ட்ராபெரி அழுகலும் அப்படித்தான்.

நீரில் நீந்தும் வித்துகள்

மண்ணில் இந்த உயிரி தடித்த சுவருள்ள ஊஸ்போர் எனும் உறங்கு வித்துகளாகக் காத்திருக்கிறது. ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் உருவாவதால் இணை தேடாமலே அது ஊஸ்போர்களை உண்டாக்கிக்கொள்ளும். செடி மட்கி மறைந்த பிறகும் அவை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மண் நனைந்து, செடியின் வேர் அருகே இருக்கும்போது ஊஸ்போர் முளைத்து, எலுமிச்சை வடிவ வித்துப்பைகளைத் தருகிறது. மண் துளைகளில் நீர் நிறைந்ததும் ஒவ்வொரு பையும் திறந்து இயங்குவித்துகளை வெளியே விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றை அசைத்து நீந்தி, வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உணர்ந்து அந்தத் திசையில் செல்கின்றன. வேரிலோ குறுந்தண்டின் காயத்திலோ ஒட்டிக்கொண்டதும் கசையிழைகளை உதிர்த்து, உறை போர்த்து, முளைத்து உள்ளே நுழைகின்றன.

தன் பலத்தால் இயங்குவித்து நீந்தும் தூரம் மிகக் குறைவு; சில சென்டிமீட்டருக்கு மேல் அதனால் போக முடியாது. வரப்பில் ஓடும் மழைநீரோ பாசன நீரோ கிடைத்தால் தோட்டத்தின் மறுமுனைக்கே போய்விடும். இதனால்தான் இந்த அழுகல் தோட்டத்தில் சீராகப் பரவுவதில்லை. பாத்தியின் தாழ்ந்த முனை, வடிகால் அடைபட்ட இடம், சொட்டுநீர்க் குழாய் கசியும் இடம், டிராக்டர் சக்கரம் மண்ணை இறுக்கிய ஓரம் ஆகிய இடங்களில் முதல் செடிகள் சாயும். வாடிய செடிகள் இருக்கும் இடங்களை ஒரு தாளில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலும் நீரோட்டத்தின் படமே அதில் கிடைக்கும்.

நோய் தோட்டத்துக்குள் நுழையும் முதல் வாசல் நாற்று. ஸ்ட்ராபெரி பொதுவாக விதையால் பெருக்கப்படுவதில்லை. தாய்ச்செடி விடும் ஓடுதண்டின் கணுக்களில் வேரூன்றும் இளஞ்செடிகளே நாற்றுகள். நாற்றங்காலில் அவை நெருக்கமாக வளர்கின்றன. தெளிப்பு நீர் பாய்ச்சப்படுகிறது. ஓடுதண்டை வெட்டும்போது ஒவ்வொரு செடியிலும் காயம் ஏற்படுகிறது. இயங்குவித்துக்கு இதைவிடச் சாதகமான சூழல் அமைவது அரிது. அங்கே தொற்றிய செடி உடனே வாடாது. குறுந்தண்டுக்குள் உயிரி சிறிதளவு பரவி அடங்கியிருக்கும். வெளியே பச்சை குறையாது. நாற்றங்காலில் அடிக்கப்படும் சில மருந்துகள் இந்த உயிரியைக் கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்தி வைப்பதும் உண்டு. அப்படி மறைந்திருக்கும் நோய், மருந்தின் வீரியம் தீர்ந்த பிறகு, நட்டவரின் தோட்டத்தில் வெளிப்படுகிறது. ஐரோப்பாவில் நாற்றுகளைப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழான குளிரில் பல மாதங்கள் சேமித்து நடுவது வழக்கம். அந்தக் குளிர் ஃபைட்டோஃப்தோராவைக் கொல்வதில்லை. மாறாக, சேமிப்பிலிருந்து வந்த நாற்று புதிதாக எடுத்த நாற்றைவிட இந்த நோய்க்கு எளிதில் இரையாகிறது.

இந்தியாவிலும் இந்தச் சங்கிலி உண்டு. நாட்டின் ஸ்ட்ராபெரி விளைச்சலில் பெரும்பகுதியைத் தருவது மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதி. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே நடப்படும் சாகுபடி ரகங்கள் பல கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் உருவானவை. தாய்ச்செடிகளை இறக்குமதி செய்து, மழைக்காலத்தில் அவற்றிலிருந்து நாற்றுப் பெருக்கி, செப்டம்பர், அக்டோபரில் நடுகிறார்கள். நாற்று பெருகும் காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகச் சேர்வது இந்நோய்க்குக் கிடைத்த வாய்ப்பு. ஊட்டி, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய மலைகளிலும் சிறிய அளவில் ஸ்ட்ராபெரி பயிராகிறது. அங்கே வெளியூர் நாற்றோ, பக்கத்துத் தோட்டத்திலிருந்து எடுத்த ஓடுதண்டோதான் பெரும்பாலும் நடவுப்பொருள். இரண்டாவது வழி மலிவானது. ஆபத்து அதில்தான் அதிகம்.

கத்தியும் கண்ணும்

நோயின் முதல் அறிகுறி செடியின் நடுவில் தோன்றும். இளம் இலைகள் பளபளப்பு இழந்து நீலம் கலந்த பச்சையாக மாறும். நண்பகலில் தொங்கி, மாலையில் நிமிரும். ஓரிரு நாளில் மாலையிலும் நிமிராது. வாடல் வெளி இலைகளுக்குப் பரவி, சில நாளில் செடி முழுவதும் சரிந்து பழுப்பாகும். ஒரு செடியில் பல குறுந்தண்டுக் கிளைகள் இருந்தால் ஒரு கிளை மட்டும் சாய்ந்து மற்றவை பசுமையாக நிற்பதும் உண்டு. நட்ட சில வாரங்களில் இது நேரலாம். அல்லது குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தெரியாமல், காய் பிடித்து வெயில் ஏறும்போது ஒரே வாரத்தில் பல செடிகள் சாயலாம். காய்களுக்கும் இலைகளுக்கும் நீர் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் பாதி அழுகிய குறுந்தண்டின் குறை வெளிப்படுகிறது. வெயிலால் வாடியது என்று எண்ணி இன்னும் நீர் பாய்ச்சுவது இயல்பாக வரும் எண்ணம். அதுவே பக்கத்துச் செடிகளுக்கு நோயைக் கொண்டுசெல்லும்.

வாடலை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. செடியைப் பிடித்து இழுத்தால் அழுகிய குறுந்தண்டு முறிந்து, மேற்பகுதி கையோடு வந்து வேர் மண்ணிலேயே நின்றுவிடும். அதனால் மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, கூரிய கத்தியால் குறுந்தண்டை மேலிருந்து கீழாக நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். நலமான குறுந்தண்டின் உட்பகுதி வெண்மையாக, சற்றே மஞ்சள் கலந்து, உறுதியாக இருக்கும். ஃபைட்டோஃப்தோரா தாக்கியதில் செம்பழுப்பு நிறம் பரந்து இருக்கும்; அது பெரும்பாலும் மேல்பாதியில் தொடங்கிக் கீழே இறங்கும். தொடக்கத்தில் வேர்கள் வெண்மையாகவே இருக்கலாம். வேர் நன்றாக இருக்க, நடுத்தண்டு பழுப்பாக இருப்பது முக்கியமான அடையாளம்.

குழப்பம் தரும் நோய்கள் சில உண்டு. கொல்லெட்டோட்ரிக்கம் பூஞ்சையால் வரும் ஆந்த்ராக்னோஸ் குறுந்தண்டழுகல் அவற்றுள் முதன்மையானது. 1931இல் ஃப்ளோரிடாவில் விவரிக்கப்பட்ட கொல்லெட்டோட்ரிக்கம் ஃபிராகேரியே இதற்குக் காரணமானவற்றில் ஒன்று. வெப்பமும் மழையும் சேரும்போது அது தீவிரமாகும். அதன் வெட்டுமுகத்தில் வெண்மைக்கு நடுவே செம்பழுப்புத் திட்டுகள் பளிங்குக் கல்லின் கோலத்தைப்போல் ஓடும். திசு இறுகலாக இருக்கும். ஓடுதண்டுகளிலும் இலைக்காம்புகளிலும் கறுத்துக் குழிந்த வடுக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். மேக்ரோஃபோமினா ஃபேசியோலினாவால் வரும் கரிக்கட்டை அழுகலில் வரிசை தலைகீழாகும்: வெளிப்புற முதிர்ந்த இலைகள் முதலில் காயும், நடு இலைகள் கடைசிவரை பச்சையாக நிற்கும். வெப்பமும் நீர்த் தட்டுப்பாடும் அதற்குத் துணை. தமிழ்நாட்டில் உளுந்து, எள் முதலிய பயிர்களின் வேரழுகலுக்குக் காரணமான அதே பூஞ்சை அது. ஆகவே அந்தப் பயிர்கள் அழுகிய நிலத்தில் ஸ்ட்ராபெரி நடுவது நல்லதல்ல. வெர்டிசிலியம், ஃபியுசேரியம் வாடல்களிலும் முதிர்ந்த இலைகளே முதலில் விழும். ஃபைட்டோஃப்தோரா ஃபிராகேரியே எனும் நெருங்கிய உறவினன் குறுந்தண்டை விட்டுவிட்டு வேரைத் தாக்கும். வேரை நெடுக்காகக் கிழித்தால் நடுநரம்பு சிவப்பாகத் தெரியும். இவை எதுவுமின்றி, வேர்கள் கடிபட்டு அறுந்திருந்தால், மண்ணைக் கிளறி வெண்புழுவைத் தேட வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. செம்பழுப்பின் சாயலை மட்டும் வைத்து அனுபவசாலிகளும் தவறிவிடுகிறார்கள். பிளந்த குறுந்தண்டை ஈரத்தாளோடு பிளாஸ்டிக் பையில் மூடி ஓரிரு நாள் வைத்தால் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை சில வேளை ஆரஞ்சு நிற வித்துப் பிசினைக் காட்டும். ஆய்வகங்களில் எளிய பழைய முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது: சந்தேகத்துக்குரிய திசுவின் சிறு துண்டை ஓர் ஆப்பிளில் துளையிட்டுச் செருகி வைப்பார்கள். ஃபைட்டோஃப்தோரா கேக்டோரம் இருந்தால் துளையைச் சுற்றி உறுதியான பழுப்பு அழுகல் வட்டமாக விரியும். அதன் விளிம்பிலிருந்து உயிரியைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கலாம். விரைவாக விடை தேவைப்பட்டால் எதிர்ப்பொருள் பட்டைச் சோதனையும் பிசிஆர் சோதனையும் உள்ளன. செடிகள் தொடர்ந்து சாயும் தோட்டத்தில், அப்போதுதான் வாடத் தொடங்கிய சில செடிகளை ஆய்வுக்கு அனுப்புவது மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது. காய்ந்து கருகிய செடியை அனுப்பிப் பயனில்லை. அதில் பிணந்தின்னிப் பூஞ்சைகளே வளரும்.

இதே உயிரி பழத்தையும் தாக்கும். மண்ணில் படும் பழங்கள் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறித் தோல்போல் கடினமாகும். கெட்ட வாடையும் கசப்பும் ஏறும். வெளியில் அதிகம் தெரியாத அத்தகைய சில பழங்கள் சேர்ந்தாலே ஜாம் முழுவதும் கசந்துவிடும்.

நடவுக்கு முன் நடக்கும் பாதுகாப்பு

வாடத் தொடங்கிய செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஆகவே இந்நோயை மேலாள்வது என்பது பெரும்பாலும் செடி நடுவதற்கு முன் எடுக்கும் முடிவுகளைப் பற்றியது. முதல் முடிவு நாற்று. சான்று பெற்ற நாற்றங்காலிலிருந்து வாங்கும்போதும், வந்த நாற்றில் சிலவற்றை எடுத்துக் குறுந்தண்டைப் பிளந்து பார்த்துவிடுவது நல்லது. சில நாற்றுகள் வீணாவது பெரிய இழப்பல்ல. ஃப்ளோரிடாவில் நாற்றுகளைக் காற்றுக் கலந்த நீராவியில் வைத்துச் சுத்திகரிக்கும் முறை உருவாக்கப்பட்டது: முதலில் 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், இடையே ஆறவிட்டு, பிறகு 44 டிகிரியில் நான்கு மணி நேரம். முன்சூடு செடியைப் பின்வரும் வெப்பத்தைத் தாங்கப் பழக்குகிறது. பின்சூடு நோய்க்கிருமிகளின் அளவைக் குறைக்கிறது. கருவி வேண்டிய முறை இது. வீட்டில் வெந்நீரில் முக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

இரண்டாவது நீர். மேட்டுப்பாத்தி இல்லாமல் ஸ்ட்ராபெரி நடுவதை ஈரமான மலைப்பகுதியில் ஏற்க முடியாது. பாத்தி ஓர் அடி உயரமாவது இருந்து, மேற்பரப்பு நடுவில் சற்றே உயர்ந்து, இடைச்சாலில் விழும் மழைநீர் தங்காமல் வெளியேற வேண்டும். படிக்கட்டு நிலங்களில் மேல்படியின் வடிநீர் கீழ்ப்படியின் பாத்திக்குள் இறங்காதபடி ஓரத்தில் வாய்க்கால் வெட்டுவது, பல மருந்துகளை விடப் பலன் தரும். சொட்டுநீர் கொடுக்கும்போது ஒரே முறை நெடுநேரம் விடுவதைவிடச் சிறிது சிறிதாகப் பல முறை விடுவது சிறந்தது. நாற்று வேர்ப்பிடிக்கும் சில நாளுக்குத் தெளிப்பு நீர் தேவைப்பட்டாலும் அதற்குப் பின் அதைத் தொடர்வது ஆந்த்ராக்னோஸுக்கும் வழிவிடும். நிலப்போர்வையாக விரிக்கும் பிளாஸ்டிக் தாள் களையைத் தடுக்கிறது; ஆனால் மழைத்துளி அதன்மேல் விழுந்து அதிகமாகத் தெறிப்பதால் வித்துகளைப் பரப்பவும் செய்கிறது. இடைச்சாலில் வைக்கோல் பரப்பினால் தெறிப்பு வெகுவாகக் குறையும்.

நடும் ஆழம் சிறிய விஷயமாகத் தோன்றும். அதில் தவறுபவர்கள் பலர். குறுந்தண்டின் பாதி மண்ணுக்கு மேலும் பாதி கீழும் இருக்க வேண்டும். குருத்து மண்ணில் புதைந்தால் ஈரம் தங்கி அழுகும். மேலே தூக்கி நின்றால் வேரின் தொடக்கம் காயும்.

மூன்றாவது ரகம். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய எல்சான்டா ரகம் இந்நோய்க்கு மிக எளிதில் பணியும். ஜெர்மனியின் பழைய செங்கா செங்கானா நன்றாகத் தாங்கும். எதிர்ப்புத் திறன் ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. அவற்றுள் வலுவான சிலவற்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, ரக உருவாக்கத்தில் பயன்படுத்துகிறார்கள். ஒரு நோயைத் தாங்கும் ரகம் இன்னொன்றைத் தாங்க வேண்டும் என்பதில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1992இல் வெளியிட்ட ஸ்வீட் சார்லி ஆந்த்ராக்னோஸைத் தாங்குவதில் பெயர் பெற்றது. அதை வைத்து அது ஃபைட்டோஃப்தோராவையும் தாங்கும் என்று கொள்ளக்கூடாது.

மண்ணைச் சுத்திகரிப்பதில் அரை நூற்றாண்டாக ஒரே வழிதான் நம்பப்பட்டது: மெதில் புரோமைடு வாயுவைச் செலுத்துவது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1992இல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளர்ந்த நாடுகள் 2005இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்கள் விலக்குப் பெற்று 2016வரை அதைப் பயன்படுத்தின. அந்த வாயு விலகிய இடங்களில் கரிக்கட்டை அழுகலும் ஃபியுசேரியம் வாடலும் தலைதூக்கின. மாற்றாகக் கலிஃபோர்னியாவில் பரவிய ஒரு முறை கவனிக்கத்தக்கது: மண்ணில் நெல் தவிட்டைக் கலந்து, நீரால் நனைத்து, பிளாஸ்டிக் தாளால் சில வாரங்கள் மூடி வைக்கிறார்கள். தவிட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அப்போது உண்டாகும் அமிலங்களும் வாயுக்களும் நோய்க்கிருமிகளை ஒடுக்குகின்றன. தவிடு எளிதில் கிடைக்கும் தென்னிந்தியாவில் இது முயன்று பார்க்க வேண்டிய வழி. கோடையில் தெளிவான பாலித்தீன் தாளால் மூடி மண்ணை வெயிலில் வேகவைக்கும் முறை சமவெளியில் நன்றாக வேலை செய்யும். மேகமூட்டமும் குளிரும் உள்ள மலைகளில் மண் போதிய அளவு சூடேறாது. டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற உயிரியல் கலவைகளைத் தொழு உரத்தோடு இடுவது துணை செய்யும். தேங்கிய நீரை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

மருந்துகளில் ஃபைட்டோஃப்தோராவுக்கென்று இரண்டு குழுக்கள் முக்கியம். மெட்டலாக்சிலும் அதன் செயலூக்க வடிவமான மெஃபினாக்சமும் வேர்வழி ஏறி மேலே செல்பவை. நட்டவுடன் சொட்டுநீரில் கொடுப்பது வழக்கம். ஃபோசெடைல் அலுமினியமும் பாஸ்போனேட் உப்புகளும் செடிக்குள் மேலும் கீழும் இரு திசையிலும் நகரக்கூடியவை. இலையில் தெளித்தாலும் வேரை எட்டும். நடவுக்கு முன் வேர் நனைக்கவும் இவை பயன்படுகின்றன. பாஸ்போனேட்டை உரமாக எண்ணக்கூடாது. செடி அதைப் பாஸ்பேட்டாக மாற்றிப் பயன்படுத்துவதில்லை. மெட்டலாக்சிலைத் திரும்பத் திரும்ப ஊற்றிய இடங்களில், குறிப்பாக அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், அதற்கு அடங்காத ஃபைட்டோஃப்தோரா கேக்டோரம் கண்டறியப்பட்டுள்ளது. அந்த உயிரியும் நாற்றோடு பயணம் செய்யும் என்பதால் இரண்டு குழுக்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அவசியம். பயன்படுத்தும் அளவும், கடைசித் தெளிப்புக்கும் பழம் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாள்களும் மருந்து உறையில் இருப்பதை மீறக்கூடாது. ஸ்ட்ராபெரி தோல் உரிக்காமல் அப்படியே உண்ணப்படும் பழம்.

செடி சாய்ந்த பிறகு செய்ய வேண்டியவை குறைவு. சாய்ந்ததை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் தோண்டியெடுத்துப் பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். உரக்குழியில் போட்டால் ஊஸ்போர்கள் அடுத்த ஆண்டு தொழு உரமாகத் திரும்பி வரும். அந்தக் குழியில் உடனே வேறு ஸ்ட்ராபெரி நடக்கூடாது. அந்த வரிசையின் சொட்டுநீரைக் குறைத்து, அடைபட்ட வடிகாலைத் திறந்துவிட்டு, சோதனையில் ஃபைட்டோஃப்தோரா என்று உறுதியானால் மிச்சமுள்ள செடிகளுக்குப் பாஸ்போனேட் கொடுக்கலாம். கருவிகளையும் காலணிகளையும் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பருவம் முடியும்போது அந்தத் தோட்டத்தின் ஓடுதண்டுகளைத் தொடாமல் விடுவது. அவற்றில் பலவும் பசுமையாகவே இருக்கும். ஆனாலும் ஒரு செடி அழுகலில் செத்த தோட்டத்திலிருந்து, எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், ஒரு நாற்றைக்கூட அடுத்த நடவுக்கு எடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம்.